ஊர் போய்ச் சேர்ந்தவனுக்கே வழிச்செலவு

அலைவாய் நாடாளும் பெருங்கோ கடற்கொற்றவரின் ஆணைப்படி, ஓலைநாயகம் ஆளவந்தான் வரைவது. வழக்குரைச் சாலைத் தலைவர் அனைவருக்கும் நாவன்மை ஓங்குக, கட்சிக்காரர் பெருகுக.

ஆனியில் உங்கள் தெருவில் எழுந்த கூச்சல் அரண்மனை அடுக்களை வரை கேட்டது. உங்களுள் ஒருவரான உலகவிடங்கரது சாலையின் முற்றத்தில் நின்றுகொண்டு, வழிச்செலவைக் கொடுத்துவிட்டு மறுவேலை பாரும் ஐயா என்று மணலித்தீவுச் செங்கோடன் தொண்டை கிழியக் கத்தினான். சாலையின் ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டு வாயைத் திற தம்பி என்று அவரும் விடாமல் கத்தினார்.

இளவழக்குரைஞர் வேலைக்கு நேர்காணல் என்று அவனைக் கடல் கடந்து அழைத்தவர் அவரே. கையிலிருந்ததெல்லாம் கப்பற்கூலிக்கே போயிற்று. வேலை கிடைக்கவில்லை. அதை அவன் பெரிதாக எண்ணவில்லை. ஆவணியில் மாமன் மகள் பூவனமாலையோடு அவனுக்குத் திருமணம்; முகூர்த்தத்துக்கு வந்து நின்றால் போதும் மாப்பிள்ளை என்று மாமனார் சொல்லி அனுப்பியிருந்தார். ஊர் திரும்பக் கூலி வேண்டும், அவ்வளவே.

சாலையின் ஏற்பாடோ வேறு. செலவை வாங்கிக்கொண்டு திருவிழா பார்க்கப் போனவர்கள் பலராம். ஆகவே, ஊர் போய்ச் சேர்ந்து, ஊர்த்தலைவர் முத்திரையோடு திரும்ப வந்து காட்டுபவனுக்கே கொடுப்பார்களாம். கொடுத்தால்தானே போவேன், போனால்தானே முத்திரை என்று செங்கோடன் வாதிட்டான். அருமையான வாதம் என்று உலகவிடங்கர் மெச்சி, தம் அடுத்த வழக்குக்காக அதை எழுதி வைத்துக்கொண்டு, அவனை வெளியே அனுப்பினார்.

வேலை பெற்ற ஏனாதிநம்பிக்குப் பக்கத்துத் தெருதான் வீடு. அவன் நடந்து போய், தெருத்தலைவர் முத்திரையோடு பொழுது சாயுமுன் வந்து வழிச்செலவு பெற்றான். தேய்ந்த செருப்புக்கும் சேர்த்துக் கொடுத்ததாகக் கேள்வி. நாம் எதற்கு அதையெல்லாம் பேச வேண்டும்.

கப்பற்கூலி சேர்க்கச் செங்கோடன் அந்தச் சாலைக்கே தண்ணீர் சுமந்தான். கூலி சேருமுன் முகூர்த்தம் கடந்தது. அவனைத் தேடி மகளோடு கப்பலேறி வந்த மாமனார், தோளில் குடத்தோடு கண்டார். வழக்குரைஞனுக்குப் பெண் பேசினேன், தண்ணீர்க்காரனுக்கா பேசினேன் என்றார். பூவனமாலை குடத்தையே பார்த்திருந்தாள். உலகவிடங்கர் தந்தைக்கும் மகளுக்கும் இலை போட்டு, பரிமாற வந்த ஏனாதிநம்பியின் குலம் கோத்திரம் விசாரித்து மாமனாருக்குச் சொன்னார்.

செங்கோடனின் முறையீட்டைப் பெருங்கோ செவிமடுத்தார். வயிறு குலுங்கச் சிரித்தருளினார். ஏற்பாடு நன்று, எல்லாச் சாலைகளும் இனி இதையே கைக்கொள்க. நகரில் தங்கிப் பிழைப்பவன் வெளியூரான் ஆகான், அவன் முறையீடு தள்ளப்பட்டது. இது கட்டளை. இரட்டைச் சுறா முத்திரை இட்டோம். மீறுவோர் நாவிழப்பர்.

முத்திரைக்குப் பின் கேட்டவை: ஐப்பசியில் பூவனமாலை ஏனாதிநம்பிக்கு மனைவியானாள். இருவரும் சாலைக்கு எதிர்வீட்டில் குடியேறினர். திருமணப் பந்திக்குத் தண்ணீர் சுமந்தவன் செங்கோடன். மறுநாளே சரக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கப் போய்விட்டான். அக்கப்பல் அவன் ஊரான மணலித்தீவின் துறையில் நின்றுதான் போகும். அவன் இறங்குவதில்லையாம்.