அப்பாவின் சோற்றுக் கேரியர்

எட்மண்டு,

மீன்குழம்பு அடுப்பு மேலே இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். நான் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன்.

எண்ணெய் டின், சைக்கிள் ரிம்மோடு அப்பா கேரியரையும் தாளம் அடிக்கத் தொங்கவிட்டாயே, அதற்குத்தான் நேற்று கத்தினேன். "செத்தவர் சோத்து டப்பாவையா அடிக்கிற?"

"இந்தச் சத்தம் வேற எதுலயும் வர்லம்மா" என்றாய்.

நீ பூந்தமல்லிக்குக் கம்பி வாங்கப் போன பிறகு கேரியர் தானாக ஒலித்தது. ஷிப்டு முடிந்து வந்து அப்பா கேட்டில் தட்டுவாரே, இரண்டு மெதுவாக, ஒன்று ஓங்கி, அப்படியே. "வந்துட்டீங்களா?" என்று கதவைத் திறந்துவிட்டேன். யாருமில்லை. உள்ளே கேரியர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நாளை பாட்டு ரெக்கார்டிங்குக்கு அதையும் எடுத்துப் போ. அந்தத் தட்டலையே அடி.

பி.கு.: நாளை திரும்பி வரும்போது கேட்டில் தட்டாதே. "யம்மா, நான்தான்" என்று குரல் கொடு. இல்லாவிட்டால் அவருக்கும் சோறு போட்டு வைத்துவிடுவேன்.

அம்மா