தகட்டில் ஒட்டாத பிரேக் பேடு

சிதம்பரம்
6.2.2025

அன்புள்ள கண்ணாயிரம் மாமாவுக்கு,

இங்கு நலம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கம்பெனி பிரேக் பேடை நான் மாட்டிக் கொடுத்த தங்கம்மாள் டீச்சர் கார், புவனகிரி அருகே நிற்காமல் போய் லாரியின் பின்னால் மோதிவிட்டது. டீச்சருக்குக் கை முறிந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பேடு தேயவே இல்லை. ஒட்டியிருந்த இரும்புத் தகட்டிலிருந்து அப்படியே பெயர்ந்திருந்தது. என் பட்டறையில் மீதமிருந்த புதுப் பெட்டியைப் பிரித்து ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். அதுவும் பிஸ்கட் மாதிரி உடைந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் டீச்சர், "நீ சொன்னேன்னுதானப்பா போட்டேன்" என்றார்.

நீங்கள் அங்கே விற்பனை மேனேஜர். சரக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ராஜவேல்

கடலூர்
14.2.2025

அன்பு மச்சானுக்கு,

நாங்கள் சுகம். பொங்கலுக்கு நீ வரவில்லையென்று உன் அக்கா பவானிக்கு இன்னும் குறைதான்.

கம்பெனியில் பேசிவிட்டேன். டீச்சருக்குப் புது செட் இலவசம், கூடவே ஒரு பழக்கூடை. நீ மட்டும், மாட்டும்போது உன் பக்கம் பிழையாகிவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடு. சிதம்பரம் ஏஜென்சி உனக்குத்தான். முதலாளியே, "உங்க மச்சான்தானே, எழுதிக் குடுத்துடுவாரு" என்றார்.

சரக்கைத் திரும்ப எடுத்தால் பெயர் கெட்டுவிடும். வேறு பெயர் ஒட்டி நெல்லிக்குப்பம் பக்கம் தள்ளுகிறோம். அக்காவை நினைத்துப் பயப்படாதே. நம் காருக்கு ஆரம்பத்திலிருந்தே வேறு கம்பெனி பேடுதான்.

அன்பு மாமா,
கண்ணாயிரம்

சிதம்பரம்
20.2.2025

கண்ணாயிரம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தேன். தெரிந்தேதான் என் பட்டறையில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டு, "நம்பிப் போடு மச்சான், நான் இருக்கேன்ல" என்றிருக்கிறீர்கள்.

நெல்லிக்குப்பம் போனேன். அதே பெட்டி, மேலே புது ஸ்டிக்கர். கடைக்காரர் கொளஞ்சியப்பன் முன்னால் ஒன்றை நெம்பிக் காட்டினேன். "இதயா என் கையால விக்க வச்சாங்க, த்தூ!" என்று பெட்டிகளைத் தூக்கித் தெருவில் போட்டார்.

அந்தப் பேடை நான் மாட்டிய கார்களையெல்லாம் வரவழைத்துப் பேடுகளைக் கழற்றிவிட்டேன். யாரும் திட்டவில்லை. "இனிமே எந்தப் பெட்டியப் பாத்து நம்புறது, நீயே சொல்லு" என்று ஒருவர் கேட்டார்.

நீங்கள் கேட்ட வரியை எழுத மாட்டேன். டீச்சர் நுகர்வோர் நீதிமன்றம் போகிறார். நான் சாட்சி.

அக்காவிடம் போனில் எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பஸ் ஏறி வர்றேன்டா, வீட்லயே இரு" என்றாள். அவள் இங்கே எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். அழைத்துப்போக என்று நீங்கள் மட்டும் என் வாசலில் வந்து நிற்காதீர்கள்.

ராஜவேல்