கருப்புப் பீரில் ஏலக்காய்

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. ஹோட்டல் அடுக்களையில் ஓவன் கதவு மறுபடி தகராறு. வாங்க: வெண்ணெய், கோகோ, வீட்டில் இவருக்கு இருமல் மருந்து.

சனிக்கிழமை பகல் விருந்து. பீரையும் சாக்லேட் இனிப்பையும் ஜோடி சேர்த்துப் பரிமாறப் போகிறார்கள், இங்கே முதல் தடவை. ஆறு மாத வேலை. எது எதோடு என்று பட்டியல் போட்டது நான். ஒரு சொட்டுக் குடித்ததில்லை, எல்லாம் முகர்ந்தே. கூட வேலை செய்யும் மலையாளி அக்கா, ஜின்சி சேச்சி, குடித்துப் பார்த்து, சரிதான் என்பாள். ஆறு வருடமாக ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுகிறோம்.

கருப்புப் பீர் – பிரவுனி. இரண்டிலும் லேசான கருகல்.
கோதுமைப் பீர் – வெள்ளைச் சாக்லேட் கேக்.
செர்ரி போட்ட புளிப்புப் பீர் – கசப்புச் சாக்லேட் மூஸ்.
சாதாப் பீர் – எதோடும் வேண்டாம். நனைந்த சாக்கு நாற்றம்.

என் பெயர் எங்கும் வரக் கூடாது என்று சேச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இவருக்குத் தெரிந்தால் வேலைக்கு முழுக்குத்தான். இவரைப் பொறுத்தவரை நான் கேக் செய்கிறேன், அவ்வளவே.

ஜூலை 9, புதன்

வெயில். துணி காய்ந்தது, அதிசயம். முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். எர்ணாகுளத்தில் புதுக் கிளை. பட்டியல் போட்டவருக்குத்தான் அங்கே இனிப்புப் பிரிவின் முழுப் பொறுப்பு. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். சேச்சி என் பக்கம் திரும்பவேயில்லை.

ஜூலை 11, வெள்ளி

விருந்துக்கு அச்சடித்த அட்டை வந்தது. மலையாளம், எழுத்துக் கூட்டிப் படித்தேன். கீழே 'தயாரிப்பு: ஜின்சி'. கருப்புப் பீருக்கு நேரே 'ஏலக்காய் மணம்'. அதை முகர்ந்த அன்று, பாயசத்துக்கு ஏலக்காய் இடித்த கையோடு கிளாசைப் பிடித்திருந்தேன். மறுநாள்தான் உறைத்தது. பட்டியல் எழுதும் நோட்டில் அதை அடித்தேன், சேச்சியிடம் சொல்ல மறந்தேன். குடித்துப் பார்த்து, ஆமாம் ஏலக்காய் என்று தலையாட்டியவளும் அவள்தான்!

அட்டையில் உன் பெயர் ஏன் என்று கேட்டேன். பாத்திரம் துடைத்தபடியே சொன்னாள்.

"பேரு வேண்டான்னு நீதானே பறஞ்சே."

சொன்னேன்தான். என் பெயரைப் போடாதே என்றால் உன் பெயரைப் போடு என்றா அர்த்தம்? நசீமா முஸ்லிம், பீர் பக்கமே வர மாட்டாள் என்று முதலாளியிடமும் சொல்லியாயிற்றாம். என் மார்க்கத்தைக் காட்டி என் வாயை அடைக்க இவள் யார்? ஓவனை மறந்தேன். ஒரு தட்டு பிரவுனி கரி.

ஜூலை 12, சனி

பன்னிரண்டு விருந்தினர். ஆளுக்கு ஆள் கருப்புப் பீரை உறிஞ்சிவிட்டு, ஆமாம் ஏலக்காய், ஏலக்காய். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. களமசேரியிலிருந்து வந்த ஒரு பேராசிரியை மட்டும், எனக்குத் தெரியவில்லையே, எங்கே இருக்கிறது என்றார். சேச்சி தானியம், மால்ட், கீல்ட் என்று இழுத்தாள். அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"ஏலக்காய் பீரில இல்ல மேடம். என் கையில இருந்துச்சு."

முதலாளி தனியே கூப்பிட்டார். பட்டியல் யாருடையது? என்னுடையது. நோட்டைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. ஆறு மாதத் தேதிகளும் அடித்தல் திருத்தலும் போதுமாக இருந்தன. எர்ணாகுளம் எனக்கு.

சேச்சி சொல்லாமலே கிளம்பிவிட்டாள். இவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடி வீட்டுக்கு நடந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. நேற்று நான் வீடு வந்து சேருமுன் சேச்சி இவருக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். துரோகி. என் சோற்றைத் தின்றவள்.

இவர் கத்தவில்லை. கத்துவார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்: குடிக்கவில்லை, முகர்ந்ததுதான், சம்பளம், பிள்ளைகள் படிப்பு. இருமல் மருந்தைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். இன்று காலை சாயா ஆறிய பிறகு கேட்டார்.

"ஆறு மாசமா ஜின்சிகிட்ட சொல்லத் தோணிருக்கு. எங்கிட்ட ஏன் தோணல?"