எதிர் வண்டியின் வெளிச்சம்

அக்கா, இன்று காலை மெக்கானிக் பழைய ஹாலோஜன் பல்புகளைத் திரும்ப மாட்டிவிட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, சூட்டில் தூசி கருகுகிற அந்த வாசனை வந்தது. நம் மாலைகளின் வாசனை. அதிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மதியம் உங்கள் வீட்டுக்காரரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். அதுவரை கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டிருப்பதற்குப் பதில் உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

காட்டாங்குளத்தூர்ப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர், நீங்கள் அலுவலகத்தில். இருவருக்கும் கீழ்க்கட்டளையில் ஒரே தெரு. நான் ஓட்டுவேன், நீங்கள் இடப்பக்கம். நோன்பு மாதத்தில் பல்லாவரம் வருவதற்குள் நோன்பு திறக்கும் நேரமாகிவிடும். பேரீச்சம்பழ டப்பாவை மடியில் திறந்து வைத்துக் காத்திருப்பீர்கள். எதிரே வண்டிகள் ஒவ்வொன்றாக விளக்குப் போடுவதும் அந்த நேரத்தில்தான். பசி தெரியாமலிருக்க அவற்றுக்குப் பெயர் வைப்பீர்கள். மஞ்சளாக வந்தால் டீக்கடை. நீலம் கலந்து கூசினால் வெல்டிங் பட்டறை. பால் வெள்ளையாக முகத்தில் அறைந்தால் கல்யாண மண்டபம். "மண்டபத்தையே கட்டி இழுத்துகினு வரான் பாரு, நிர்மலா," என்று டப்பா மூடியால் கண்ணை மறைத்துக்கொள்வீர்கள். போனில் பாங்கு ஒலித்ததும் முதல் பழம் உங்களுக்கு, அடுத்தது என் வாயில். நோன்பே இருக்காதவளுக்கு இது என்ன நியாயம் என்று கேட்டால், பசியோடு இருப்பவள் கையில் ஸ்டியரிங் இருப்பது தனக்கு நல்லதில்லை என்பீர்கள்.

ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்று நீங்கள் கேட்டதும் என் வகுப்பு தொடங்கிவிடும். டீக்கடை என்பது ஹாலோஜன். கம்பி சூடாகி ஒளிர்வது, நம் வீட்டுக் குண்டு பல்பின் உறவுக்காரன். வெல்டிங் பட்டறை என்பது ஜெனான். கம்பியே கிடையாது, வாயுவுக்குள் மின்பொறி பாய்வது, போட்டவுடன் முழு வெளிச்சம் வராது, டியூப்லைட் போலக் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். மண்டபம் எல்.இ.டி. சொல்லி முடிப்பதற்குள் பாதி நாள் நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.

உங்கள் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில், நீங்கள் தூங்காமல் கேட்டது ஒன்றுதான். "அவர தனியா மட்டும் அனுப்பிடாத. பாதியிலேயே எழுந்து வந்துடுவாரு." அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் அண்ணனைத் தாம்பரத்தில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், மாலை இருட்டுகிற நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன்.

சென்ற வாரம் அஸ்தினாபுரம் பக்கம், நடுவில் தடுப்பு இல்லாத இடத்தில், எதிரே ஒரு மண்டபம் வந்தது அக்கா. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு அந்த வெள்ளை சிதறிப் பெரிய வட்டமாகத் தெரிகிறது. வட்டம் விலகியபோது முன்னால் சாமான் ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று, பின்விளக்கே இல்லாமல். பிரேக்கை மிதித்தேன். ஒரு முழம் இடைவெளியில் கார் நின்றது. பின்சீட்டில் அண்ணன் ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருமுனை வந்ததும், "இனிமே நான் ஆட்டோல போய்க்கறேம்மா. உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?" என்றார்.

சொன்னபடியே அடுத்த முறை நான் இறங்கி வருவதற்குள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். வெளிச்சம் இருக்கும்போதே வீடும் திரும்பிவிட்டார். மெஷின் புதுசு, சீக்கிரம் முடிந்துவிட்டது என்றார். நர்ஸுக்குப் போன் செய்தேன். தலை சுற்றுகிறது, போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதியில் எழுந்து போனாராம். நீங்கள் சொன்ன அதே வார்த்தை.

எனக்கு ஒரே பதற்றம். நல்ல விளக்கு மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்கு ஓடினேன். ஜெனான் போட்டால் தனிப் பெட்டி, தனி ஒயரிங் என்றார் கடைக்காரர். எல்.இ.டி. என்றால் பழையதைக் கழற்றிய இடத்திலேயே உட்காரும். அதையே வாங்கினேன்.

அன்று மாலை மெக்கானிக் வந்து மாட்டியதும், அடுக்ககத்துச் சுற்றுச்சுவரைப் பார்த்தபடி காரை நிறுத்தி, விளக்கின் உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். டிம் வெளிச்சம் கோட்டுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பழைய பல்புக்கு அப்படித்தான் இருந்தது. புதியது கோட்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, மாமரம் முழுக்க ஏறியது. முதல் மாடிக்காரர் எட்டிப் பார்த்து, "டீச்சர், எங்க கொடித்துணியெல்லாம் சூப்பரா தெரியுது, எடுத்துடவா?" என்றார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. கார் விளக்குக்குள் ஒளியைத் திருப்பி அனுப்புகிற கிண்ணம் ஹாலோஜன் கம்பிக்கு அளவெடுத்துச் செய்தது. ஒரு பிள்ளைக்குத் தைத்த சட்டையை இன்னொரு பிள்ளைக்கு மாட்டினால் எங்கெங்கோ இழுக்குமே, அப்படி இழுக்கிறது இந்த ஒளி. புதிய கார்களில் கம்பெனியே வைக்கிற எல்.இ.டி.க்கு அதற்கான லென்ஸ் உண்டு. அது கோடு கிழித்தாற்போல் கீழே நிற்கும்.

ஆனாலும் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் பகல்போல் இருந்தது, அக்கா. ஆசையாக இருந்தது. அப்புறம் மெக்கானிக்கை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, சுவரோரம் போய்க் காரைப் பார்த்து நின்றேன். எதுவும் தெரியவில்லை. கார் எங்கே, பக்கத்திலிருந்த ஸ்கூட்டர் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. அண்ணனைப் போல யாரையாவது வைத்துக்கொண்டு எதிரே வருகிறவளுக்கு நானும் இதைத்தான் கொடுக்கப்போகிறேன். கழற்றச் சொல்லிவிட்டேன். இன்று காலைதான் அவருக்கு நேரம் கிடைத்தது.

அங்கே நின்றபோது இன்னொன்றும் விளங்கியது. சென்ற வாரம் என் வெளிச்சம் குறைவாக இருந்ததால் நான் தடுமாறவில்லை. எதிரே வந்ததைத் தாங்க என் கண்ணால் முடியவில்லை. அதற்குக் கடையில் பல்பு கிடையாது. நீங்கள் கேட்டதும் கார் ஓட்டச் சொல்லி அல்ல. தனியாக அனுப்பாதே என்றுதான்.

காலை ஷிஃப்டுக்கு மாற்றச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இடம் காலியானால் கூப்பிடுவார்களாம். அதுவரை வாடகைக் கார். நேற்று முன்தினம்தான் முதல் தடவை. எதற்கு இரண்டு பேர் என்று அண்ணன் முனகினார். ஆட்டோவில் நான் போய்க்கொள்வேன் என்று தெருவே கேட்கச் சண்டை போட்டார். நான் கதவைத் திறந்து முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் படுத்திருந்த நேரம் முழுக்க வெளியே பெஞ்சில் இருந்தேன். தலை சுற்றுகிறது என்று ஒரு தடவை ஆரம்பித்தாராம். வெளியே டீச்சரம்மா இருக்கிறார்கள், கூப்பிடட்டுமா என்று நர்ஸ் கேட்டதும் அடங்கிவிட்டாராம். முழு நேரமும் முடிந்தது.

திரும்பும்போது டிரைவர் நிதானமாகத்தான் ஓட்டினார். எனக்குத்தான் முடியவில்லை. எதிரே வெள்ளையாக எது வந்தாலும் என் வலது கால் தானாகக் கீழே அழுந்தியது. மேடவாக்கம் தாண்டியதும் அண்ணன் கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்தார்.

"அங்க பிரேக் இல்லம்மா," என்றார்.

தெரியும். இருந்தாலும் வீடு வரும்வரை அழுத்திக்கொண்டுதான் வந்தேன், அக்கா. இன்றும் அழுத்துவேன்.