எபிசோட் பன்னிரண்டில் அண்ணன் தம்பி

மார்ச் 4, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். வெள்ளவத்தை முழுக்கக் கரண்ட் இல்லை. டப்பிங் வசனம் எழுத வேண்டும், எபிசோட் 12. வெளிநாட்டுத் தொடர். இரண்டு ஆண்கள், ஒரு வீடு, ஒரு கட்டில்.

ஸ்டூடியோ மனேஜர் போனில்: "தமிழில அண்ணன் தம்பியா மாத்திவிடும். சனம் குடும்பத்தோட பாக்கிறது."

கட்டில்? "அதை வெட்டுவம்."

போன தொடரிலும் இப்படி ஒருவன் வந்தான். அவனுக்குக் கீச்சுக் குரல் போடச் சொன்னவரும் இவர்தான். ஒன்றில் நாங்கள் சிரிப்புக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இருக்கவே கூடாது.

வாங்க: பாண், பருப்பு, குகனுக்கு இருமல் மருந்து.

மார்ச் 5
எழுதி முடித்தேன். 'அன்பே' வந்த இடமெல்லாம் 'தம்பி'. வாயசைவுகூடப் பொருந்துகிறது, சனியன்.

மூத்தவனுக்குக் குரல் கொடுப்பது குகன். ஒன்பது வருடமாக என்னோடு ஒரே வீட்டில். வீட்டுக்காரருக்கு மட்டும் அவன் என் ஒன்றுவிட்ட தம்பி. தாளை வாசித்துவிட்டு நிமிர்ந்தான்.

"வெளியிலதான் தம்பி. நீ எழுதிறதிலயுமா?"

"வேலை போயிடும் குகன்."

"உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்டு போயிடும்."

தட்டை எடுத்துக்கொண்டு போய் அறைக்குள் தனியாகச் சாப்பிட்டான். மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி
மழை. ஒலிப்பதிவு. ஆஸ்பத்திரிக் காட்சி, இளையவன் சாகிறான். எங்களை எப்படியும் சாகடித்துவிடுவார்கள்.

குகன் தாளைப் பார்க்கவே இல்லை. "நீ என்ர மனுசன். என்னை விட்டுட்டுப் போகாத."

மனேஜர் எழும்பிவிட்டார். "என்ன இது? பெண்சாதி புருசனைச் சொல்லுற மாதிரியெல்லோ கிடக்கு! ஆர் எழுதினது?"

குகன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தான்.

"நான் எழுதேல்ல சேர். அவர் தானாச் சொன்னது."

பொய் இல்லை. இனி வர வேண்டாம் என்று அவனை அனுப்பிவிட்டார். நான் மிச்சக் காட்சிகளுக்கு இருந்தேன். இருந்தேனே!

மார்ச் 8
குகன் வத்தளைக்கு, அக்கா வீட்டுக்கு. இரண்டு பை. போன் எடுக்கிறான் இல்லை.

மனேஜர் என்னைப் போனில் கூப்பிட்டார். "வேற ஆள் கிடைக்கேல்ல. நீரே வந்து பேசிவிடும். சின்ன வரிதானே."

மார்ச் 10, திங்கள்
போனேன். "தம்பி, என்னை விட்டுட்டுப் போகாத." ஐந்து தடவை சரிவரவில்லை. ஆறாவதில் அழுதுவிட்டேன்.

மனேஜருக்கு நல்ல சந்தோசம். "உருக்கமா வந்திருக்கு. உமக்குச் சொந்தத் தம்பி இருக்கோ?"

"ஓம் சேர். வத்தளையில."