பொய்யர் என்றுதான் எழுதினேன்

அன்புள்ள ஆன்செல்மோ,

நீ ஏற்பாடு செய்தபடி கவுன்சிலர் கிரிஸ்பின் நேற்று மன்னிப்புக் கடிதத்தோடும் ஒரு பெட்டி பிபிங்கா அரிசிக் கேக்கோடும் வந்தான்.

“மேடம், ஒரு கையெழுத்துதான். வயசாச்சு, ஞாபகம் தப்பி என்னமோ எழுதிட்டேன்னு போட்டிருக்கோம். மேயர் கேஸை வாபஸ் வாங்கிடுவார். இல்லேன்னா ஜெயில் வரைக்கும் போகும்.”

“நான் கன்னியாஸ்திரிகள்கிட்ட படிச்சவ, கிரிஸ்பின். கமாவைக்கூட யோசிச்சுத்தான் வைப்பேன். பிபிங்காவை நீயே சாப்பிடு, அடி கருகியிருக்கு.”

மணிலாவில் அவதூறு வழக்குகள் நடத்துகிற உனக்கு நான் சட்டம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பத்திரிகைக்கு நான் எழுதியதை நீ முழுக்கப் படித்தாயா? மேயரைத் திருடர் என்று ஊரே சொல்கிறது. நான் அப்படி எழுதவில்லை, என்னிடம் ஆதாரமில்லை. அந்த இடத்தில் சட்டம் என் கையைப் பிடித்து நிறுத்துவது நியாயம்.

பொய்யர் என்று எழுதினேன். புயலன்று புகலிடக் கூடம் திறந்திருப்பதாக அவர் வானொலியில் சொன்னார். பூட்டிய கதவின் முன்னால் மழையில் நின்றவள் நான். பக்கத்து வீட்டு பெனிக்னா அங்கேதான் குளிரில் இறந்தாள். எனக்கு ஞாபகம் தப்பியது என்று கையெழுத்திட்டால், அவள் அங்கே இறக்கவில்லை என்றும் ஆகிவிடும்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. வருவதானால் வழக்கறிஞராக வராதே. மகனாக வந்து கடைசி வரிசையில் உட்கார். “இதை எழுதியது நீங்களா?” என்று நீதிபதி கேட்பார். நான் சொல்லும் பதில் அந்த வரிசை வரை கேட்கும்.

தெரிந்தே எழுதிய
உன் அம்மா