மஞ்சள் என்று பெயர், வண்டோ கறுப்பு

காலையில் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தேன். முதலில் மக்கிய இறப்பர் இலையின் ஈரவாசம். அதற்கடியில், எத்தனை தரம் கழுவியும் போகாத ஏலக்காய். முன்பொரு பெருநாளைக்கு உங்கள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்த டப்பா இது. ஆசிரியர் அறையில் எல்லோரும் வழித்துத் தின்றுவிட்டு, வெறும் டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்குத்தான் முட்டையும் ஏலக்காயும் கலந்த அந்த இனிப்பின் வாசமே ஆகாதே. இப்போது அதற்குள் ஈர இலையும், அரிசிக் குருணையில் பாதிகூட இல்லாத ஒரு வண்டும் இருக்கின்றன. வண்டு கறுத்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இதை நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

யட்டியாந்தோட்டையில் ஒரே பாடசாலையில் இருவரும் உயிரியல் படிப்பித்தோம். நீ பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த வீட்டுப் பெண், நான் தெரணியகலைப் பக்கத்துத் தோட்ட லயத்துப் பெண். உங்கள் கடையில் மணல் சலிக்க விற்கும் கம்பி வலையை வெட்டி, சட்டம் அடித்து, நீதான் நமக்குச் சல்லடை செய்தாய். விடுமுறை நாட்களில் அனுமதி வாங்கிக்கொண்டு இறப்பர் மலைகளில் சருகைச் சலித்தோம். பால் வெட்ட வந்த அக்கா ஒருவர், "குப்பையில மாணிக்கமா டீச்சர் தேடுறீங்க?" என்று கேட்டதும், கிடைத்தால் பங்கு தருவதாக நீ சத்தியம் செய்ததும் நினைவிருக்கிறது. அதன்பிறகு நம்மைக் கண்டால் அவர் தன் கூட்டத்தையே அழைத்துவந்து வேடிக்கை காட்டுவார்.

மாணிக்கத்தைவிட நமக்கு அந்த வண்டுதான் பெரிதாக இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை, கையில் கிடைத்த ஒற்றை வண்டைப் பார்த்துச் சில வரிகள் எழுதி, மஞ்சள் என்று பொருள்படும் லத்தீன் பெயரை வைத்து, ஊர் 'சிலோன்' என்று முடித்திருந்தார். பிறகு அந்த மஞ்சள் வண்டை யாரும் காணவில்லை. நம் சல்லடையில் விழுந்தவை எல்லாம் கறுப்பு. ஒரே ஒரு தடவை வெளிறியது ஒன்று விழுந்தது. அன்று ஆரம்பித்ததுதான் நம் சண்டை.

வெளிறியது துரையின் வண்டு, கறுப்பு இதுவரை யாரும் எழுதாத புதிய இனம் என்றேன் நான். இரண்டும் ஒன்றுதான் என்றாய் நீ. கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டுக்கு நிறம் ஏறியிருக்காதாம்.

"பச்சப் புள்ளயப் பாத்துட்டு மஞ்சள்னு எழுதி ஈக்கான் அந்தத் தொர" என்று சிரித்தாய். "நீ தோத்தா எங்கட ஊட்டு வட்டிலப்பம் ஒரு பீங்கான் முழுசா திங்கோணும்."

என் பேச்சு வென்றால் புது இனம், புதுப் பெயர். உன் பேச்சு வென்றால் வெறும் மீள்விவரணம். பழைய பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, வண்டு எப்படியிருக்கும் என்பதை மட்டும் ஒழுங்காகத் திரும்ப எழுதவேண்டும். கறுப்பு வண்டு உலகம் உள்ளவரை மஞ்சள் என்றே அழைக்கப்படும். சண்டையைத் தீர்க்க வழியும் இருக்கவில்லை. பிடித்த கையோடு எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் போடுவதுதான் நம் பழக்கம். அதற்குள் போனது போன நிறத்திலேயே நின்றுவிடும். உயிரோடு கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்போம் என்று நீ சொல்லிக்கொண்டேயிருந்தாய். அடுத்த விடுமுறையில் பார்ப்போம் என்று நானும் சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

அடுத்த விடுமுறை முடிவதற்குள் நீ இல்லை. டெங்குக் காய்ச்சல் என்றார்கள், அவ்வளவு சீக்கிரம். நான் கலவானப் பக்கம் ஒரு தோட்டத்தில் தனியாகச் சலித்துக்கொண்டிருந்தேன். மலையில் சிக்னல் இல்லை. கீழே வந்து செய்தி பார்த்து, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது ஜனாஸாவை எடுத்துவிட்டார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. அது இன்றுவரை ஆறவில்லை.

உன் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்லவேண்டியிருந்தது. நாங்கள் கண்டுபிடித்த வண்டுக்கு உன் பெயரை வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். உம்மா என்னையே பார்த்தா.

"பூச்சிக்கா மகள், அவட பேரு?" என்று கேட்டா. பிறகு, "கடிக்காதே?"

யாரையும் கடிக்காது, இலையில் படியும் பூஞ்சணத்தைத் தின்னும் என்றேன். அதன்பிறகு போகும்போதெல்லாம் பெயர் வைத்தாச்சா என்பதுதான் முதல் கேள்வி. வைப்பேன் என்பதுதான் பதில்.

சென்ற மாதம் சல்லடையில் மறுபடி வெளிறியது ஒன்று விழுந்தது. பழக்க தோஷத்தில் கை ஸ்பிரிட் போத்தலுக்குப் போனது. நீ பக்கத்திலிருந்து தட்டிவிட்டதுபோல நிறுத்தி, இந்த டப்பாவில் விட்டேன். முதலில் சாயம் குறைந்த பிளேன்டீ நிறம் வந்தது. பிறகு கடும் பிளேன்டீ. கறுக்காதே, இதோடு நின்றுகொள் என்று ஒரு வண்டிடம் கெஞ்சினேன், தெரியுமா? பாதியில் எடுத்து ஸ்பிரிட்டில் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. துரையின் வண்டு வேறு, இது வேறு என்று எழுதி உன் பெயரை வைத்திருப்பேன். நீ சொன்னது பிழை என்று எழுதி, அதன்மேல் உன் பெயரையே ஒட்டியிருப்பேன். அது என்னால் முடியவில்லை. அதற்குள் துரையின் வண்டை வைத்திருக்கும் வெளிநாட்டு நூதனசாலையிலிருந்து நான் கேட்ட படங்களும் வந்தன. முதுகின் ஓடு இறுகாமல் சுருங்கிப்போயிருந்தது. நீ சொன்ன பச்சைப்பிள்ளையேதான்.

கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். மஞ்சள் நிறம் இளம் வண்டுக்கு மட்டும் உரியது என்ற வரி அதில் இருக்கிறது. எழுதியவர்களில் முதல் பெயர் உன்னுடையது. ஆனால் வண்டுக்கு உன் பெயர் இல்லை. இன்று மதியம் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உம்மாவிடம் போனேன். பெருநாள் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டை வெகுநேரம் பார்த்தா.

"அப்ப அவ சொன்னதுதான் சரியா?"

"அவ சொன்னதுதாங்க உம்மா சரி."

"அப்ப பேரு வாணாம்" என்றா உம்மா.

பிறகு நான் வட்டிலப்பம் இருக்கிறதா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் ஒருநாளும் தொடாதவள் கேட்கிறாளே என்று நினைத்திருப்பா. ஒரு பீங்கான் நிறைய வைத்தா. முழுவதையும் தின்றேன். சொன்னால் கோபிக்காதே, எனக்கு இன்னும் அது பிடிக்கவில்லை. கண் கலங்கியதை உம்மா பார்த்தா. இனிப்பு கூடிப்போச்சா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டா.

தெரணியகலை பஸ்ஸில் சன்னல் பக்கத்து இருக்கை கிடைத்தது. மடியில் இரண்டு டப்பா. ஒன்றில் நீ சொன்னபடியே கறுத்த வண்டு. மற்றதில் உம்மா கட்டிக்கொடுத்த வட்டிலப்பம். பக்கத்து இருக்கை யட்டியாந்தோட்டையிலிருந்து வீடு வரைக்கும் காலியாகவே வந்தது. "நான் சொன்னேன்ல புள்ள" என்று நீ சொல்வாய் என்று வழியெல்லாம் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.